எட்டடி வேலி

"யாரைக் கேட்டு இதை என் வீட்டு முன்னால நட்ட, நான் எப்பவாவது…"

"நம்ம எல்லாருக்குமாத்தானே ஆர்டிஸ், இந்தத் தெருவுக்கே…"

"தெருவுக்குன்னா தெருவுல நடு. இது என் புல்வெளி."

"புல் எங்க இருக்கு? பனிதானே இருக்கு. உள்ள போ முதல்ல, வழுக்கி விழுந்து வைக்காத, அப்புறம் நான்தான் தூக்கணும்."

"விழுந்தா நானே எழுந்துக்குறேன். நீ உன் பலகையத் தூக்கு."

டுவெயின் தூக்கவில்லை. உறைந்து இரும்பாகக் கிடந்த மண்ணில் துளைபோடும் மெஷினை வைத்துக் குடைந்து நட்டிருந்தான் அவன். 'மரங்களைக் காப்போம்' என்று பச்சை எழுத்தில் எழுதிய அதே பலகை லிண்டன் தெருவின் எல்லா வாசலிலும் நின்றது. ஆர்டிஸ் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பலகையைப் பிடுங்கி அவன் வாசல் பக்கம் வீசினாள். பனியில் சத்தமில்லாமல் விழுந்தது அது.

இத்தனைக்கும் டுவெயின் நல்ல பக்கத்து வீட்டுக்காரன். விஸ்கான்சின் குளிரில் பனி கொட்டிய காலைகளில் தன் வாசலை ஒதுக்கிவிட்டு, கேட்காமலே அவள் வாசலையும் ஒதுக்கிக் கொடுப்பான். அவள் புருஷன் மெர்ல் இறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறியதில்லை. சர்ச் முடிந்ததும் பின்பக்கத் தோட்டம் வழியாகவே வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, அவள் சமையலறையில் காபி குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவான். அந்த உறவையும் சேர்த்துத்தான் வீசுகிறோம் என்று தெரிந்தே வீசினாள் ஆர்டிஸ்.

சண்டை பின்னால் இருந்த காலிமனையைப் பற்றியது. அதில் சுவரோடு சுவர் ஒட்டினாற்போல் வரிசை வீடுகள் கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. வீடு எங்கே, பாதை எங்கே, மரம் எங்கே, வேலி எங்கே என்று அவர்கள் போட்ட வரைபடத்தை நகரசபையின் திட்டக்குழு அன்று மாலை விசாரிக்கப் போகிறது. கூடாது என்பது தெருவின் கட்சி.

ஆர்டிஸ் மட்டும் அந்த வரிசையின் மூலை வீட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் வீட்டில் படுக்கையறை மாடியில். முழங்கால் மாடி ஏற மறுத்துவிட்டதால், நவம்பரிலிருந்து முன்னறையில் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். மூலை வீட்டிலோ படுக்கை, குளியலறை எல்லாம் கீழேயே. அது கிடைக்காவிட்டால், அரிசோனாவில் இருக்கும் மகன் வேறொரு ஊரில் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லம். அங்கே அவளுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

மாலையில் நகரசபைக் கூடம் நிரம்பி வழிந்தது. டுவெயின் முதலில் எழுந்து, காலிமனை மரங்களின் பெரிய புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினான். பச்சைப் பசேலென்ற படம். கைத்தட்டல் அடங்கியதும் நகரத்தின் மர அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, அது எந்த வருஷத்துப் படம் என்று கேட்டார். அத்தனையும் ஆஷ் என்ற வகை மரங்கள், வண்டு அரித்து இரண்டு கோடையாக ஒரு இலைகூட விடவில்லை, வீடு கட்டினாலும் கட்டாவிட்டாலும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றார். குளிர்காலத்தில் எல்லா மரமும் மொட்டையாக நிற்பதால் செத்தது எது, பிழைத்தது எது என்று தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆர்டிஸ் பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். ஆகஸ்டிலேயே டுவெயினிடம் சொல்லியும் இருந்தாள். இந்த வருஷம் இலை விடக் கொஞ்சம் தாமதம் என்று அவன் காபியை உறிஞ்சினான்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டுவெயின் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

"சரி, மரம் போகட்டும். வேலியை ஆறடியிலிருந்து எட்டடியா உயர்த்துங்க. அதையொட்டி அடர்த்தியா ஊசியிலைச் செடி ரெண்டு வரிசை. அப்புறம் கம்பெனி வரைபடத்துல எங்க தெருவுக்கு ஒரு நடைபாதை வருதே, அது வேண்டாம். யார் யாரோ வருவாங்க, போவாங்க."

கம்பெனிக்காரர் அங்கேயே சம்மதித்துவிட்டார். கட்டிடத்தில் கைவைக்காதவரை அவருக்கு வேலி என்ன, செடி என்ன. திட்டக்குழுவின் தலைவரம்மா எழுதிக்கொண்டார். தெருவே தலையாட்டியது. தன் வீடு கிடைக்கப் போகிறது, ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் என்று ஆர்டிஸுக்கு உறைத்தது. கைத்தடியை ஊன்றி எழுந்து மைக்கை நோக்கி நடந்தாள். அவள் போய்ச் சேரும்வரை கூடம் காத்திருந்தது.

ஒருவர் பேச மூன்று நிமிஷம். அதை அவள் அவசரப்படாமல் செலவழித்தாள். அந்த மனையில் முன்பு பள்ளிக்கூடம் இருந்ததையும், தெருப்பிள்ளைகள் எல்லாம் இவர்கள் தோட்டங்களைத் தாண்டியே பள்ளிக்கு ஓடியதையும், அப்போது யாரும் வேலி கேட்காததையும் சொன்னாள். பிறகு மேஜைமேல் இருந்த சட்டப் புத்தகத்தைத் தடியால் காட்டினாள்.

"குப்பைத் தொட்டிய மறைக்க ஆறடி போதும்னு உங்க சட்டமே சொல்லுது. மனுஷங்கள மறைக்க எட்டடி வேணுமா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. நேரம் முடிந்தது, உட்காருங்கள் என்றார் தலைவரம்மா. ஆர்டிஸ் நகரவில்லை. நின்ற இடத்திலேயே தடியை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். தலைவரம்மா இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தபோது நடுவரிசையில் ஒரு கை உயர்ந்தது. டுவெயினின் மனைவி பெவ்.

"என் மூணு நிமிஷத்தை அவளுக்குக் குடுக்குறேன்."

டுவெயின் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பெவ் மடியில் இருந்த கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு மறுபடி பச்சையானது.

ஆர்டிஸ் குழுவுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யார் யாரோ வருவாங்கன்னு சொன்னியே டுவெயின், அது நான்தான். மூலை வீட்டுக்குப் பேர் குடுத்திருக்கேன்."

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. டுவெயின் பாதி எழுந்து நின்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆர்டிஸ். உனக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இதெல்லாம்…"

"எனக்குன்னா பாதை, வேற ஒருத்தருக்குன்னா வேலியா? எனக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம். என் பக்கத்து வீட்டுக்கு வரப்போறவ யாருன்னு எனக்கும் தெரியாது. அவளுக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன். அந்தப் பாதை இருக்கணும்."

தலைவரம்மா பேனாவை மேஜைமேல் வைத்தார். டுவெயின் உட்காரவும் இல்லை, நிமிர்ந்து நிற்கவும் இல்லை. முன்னிருக்கையைப் பிடித்தபடி வளைந்து நின்றான். ஆர்டிஸ் அவனையே பார்த்தாள். மைக் இருப்பதை மறந்து, சமையலறையில் கேட்பதுபோலவே கேட்டாள்.

"வேலி எழும்பினப்புறம், ஞாயித்துக்கிழமை காபிக்கு நீ எந்தப் பக்கமா வருவ?"