கஜேந்திரன் வைத்த ஹேண்டல்

"தோள் நோவு ஈக்கா, இடுப்பு நோவா?" என்று கேட்டார் தாஸிம்.

"ரெண்டுந்தான் நானா. பசறைக்கு வந்து சேர்றதுக்குள்ள கை ரெண்டும் மரத்துப் போயிருது."

அவள் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் தாஸிமுடைய கராஜ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது; பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் திறந்திருந்தது. கலாராணிக்குப் பசறையில் ஒரு புடவைக் கடையில் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ்ஸை நம்பி வந்துகொண்டிருந்தவள், இரண்டு மாதமாகத்தான் புருஷன் கஜேந்திரனுடைய மோட்டார் சைக்கிளை ஓட்டி வருகிறாள்.

"ஏறி உக்காருங்க, பாப்போம்."

உட்கார்ந்தாள். ஹேண்டலைப் பிடிக்க முன்னால் குனிந்து, கைகளை முழுவதும் நீட்ட வேண்டியிருந்தது.

"என்ன தங்கச்சி, கொழுந்துக் கூடையத் தொலச்சிட்டுத் தேடுற மாதிரி ஈக்கிறீங்க? கஜேனுக்குக் கை நீளம். பக்கத்துல நின்னு அவனே வெப்பிச்சது இது. ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு செல்லிட்டுத்தான் கட்டாருக்குப் போனான்."

"தெரியும் நானா."

அதனால்தான் இவ்வளவு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மூன்று வருஷத்தில் கஜேந்திரனுடைய சட்டைகளைத் தம்பி கொண்டுபோய்விட்டான். அவன் படுக்கிற பக்கத்தில் அரிசி மூட்டை வந்துவிட்டது. இந்த ஹேண்டல் மட்டும் அவன் விட்டுப்போன சாய்விலேயே இருந்தது. அதைப் பிடிக்கும்போது அவன் கை இருந்த இடத்தில் அவள் கை இருந்தது. சித்திரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். இன்னும் இரண்டு மாதம்.

"நாலு போல்ட்டையும் லூசாக்கி, இப்படிப் பின்னால பெரட்டினா சரி. பத்து நிமிசம். ஆனா அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. வந்து என்னத்தான் புடிச்சிக்குவான்."

வெள்ளிக்கிழமை, அவனுக்கும் லீவு. அழைத்ததும் எடுத்தான்.

"என்னாங்க, பசறையில நிக்கிறேன். பெரட்டணும்னு..."

"என்னா? பெரட்டா?" அவன் குரல் உயர்ந்தது. "கடை வேலைய விட்டுட்டுப் பெரட்டுக்குப் போறியா? நீ மலை ஏறக்கூடாதுன்னுதானே நான் இந்த வெயில்ல கெடக்கேன்!"

தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் பேர் கொடுத்து வேலைக்கு நிற்கிற இடம். தாஸிம் ஸ்பேனரைப் பிடித்தபடி குலுங்கிச் சிரித்தார்.

"ஐயோ, அந்தப் பெரட்டு இல்லங்க! பைக் ஹேண்டலப் பெரட்டுறது! போயா அன்னைக்கு எந்தக் கங்காணி பேர் எழுதுவாரு?"

கஜேந்திரனும் சிரித்தான். முடிவில் இருமல் வருகிற அந்தச் சிரிப்பு. கேட்டு எவ்வளவு நாளாயிற்று! போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்குக் கை எட்டலங்க. ஆனா நீங்க சித்திரைக்கு வந்துருவீங்க. வேணாம்னு சொல்லுங்க, அப்படியே விட்டுடுறேன்."

வேணாம் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொண்டது. மறுமுனையில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்.

"கேக்குதாங்க?"

"கேக்குது. நீ உனக்குத் தோதா வச்சுக்க, கலா."

"நீங்கதானே தொடக்கூடாதுன்னீங்க?"

"அது அப்ப."

"சித்திரைக்கு வந்து நீங்க எப்படி ஓட்டுவீங்க?"

மறுமுனையில் வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது.

"எப்பங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"போன மாசம். கான்ட்ராக்ட் இன்னும் ரெண்டு வருசம். எப்படிச் சொல்றதுன்னே தெரியல, புள்ள."

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"சரி, வைக்கிறேன். நானா ஜும்மாவுக்குப் போகணும்."

அவள் இறங்கியதும் தாஸிம் பக்கத்தில் வந்தார். போல்ட்டுகளைத் தளர்த்தினார். கிளாம்ப் இத்தனை காலம் பிடித்திருந்த இடம் மட்டும் துருவில்லாமல் பளபளத்தது. ஹேண்டலைப் பின்னால் கொண்டுவந்தார். பிரேக், கிளச் பிடிகளை அதற்கேற்பச் சாய்த்தார். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் இழுக்கிறதா என்று பார்த்தார்.

"ஏறுங்க."

முதுகு நேராக இருந்தது. முழங்கை தானாக மடிந்தது. தோளில் இழுப்பே இல்லை.

"எப்படி ஈக்கி?"

"சொகமா இருக்கு நானா." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தாஸிம் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி முடித்தார். ஸ்பேனரைக் கீழே வைக்காமல் ஹேண்டலைப் பார்த்தார்.

"பழைய இடத்துல ஒரு கோடு கீறி வெக்கவா? அவன் வந்தா அப்படியே திருப்பி வெச்சிரலாம்."

"கீறுங்க நானா," என்றாள். "ஆழமாக் கீறுங்க. இன்னும் ரெண்டு வருசத்து மழை இருக்கு."