யமீனா வரும் மூன்றாவது அத்தியாயம்

எங்கள் அல்ஜீரியாவில், திலிம்ஸான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் வீட்டார் பலகாரத்தோடுதான் போவோம். என் அண்ணன் மகள் வஹீபாவுக்காக நான்கு தட்டு மக்ரூத் செய்து எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவிட்டு, அவள் ஆறு வருஷம் எழுதிய ஆய்வு. தேறினால் இங்கேயே விரிவுரையாளர் வேலை.

ஒரானிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாள்களைப் புரட்டினார். "மூணாவது அத்தியாயம் பேராசிரியர் தாவ்தி போன மாசம் வெளியிட்ட கட்டுரையாச்சே. வரிக்கு வரி அப்படியே இருக்கேம்மா."

தாவ்திதான் அவளுடைய வழிகாட்டி. திருத்தித் தரச் சொல்லி அந்த அத்தியாயத்தை அவரிடம் கொடுத்து ஒன்றரை வருஷமாகிறது.

"நான் எழுதினதுதான் சார்" என்றாள் வஹீபா.

தாவ்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சின்னப் பொண்ணு. என் பேரைப் போட மறந்திருப்பா. மன்னிச்சு விட்டுடலாம்."

மன்னிப்பாம்! கண்ணுகளா, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு நாவல் எழுதிய ஒரு பிரெஞ்சு டீச்சரம்மா வீட்டில், சிறுவயதில் நான் பாத்திரம் தேய்த்தேன். நாவலுக்கு முதலில் எழுதிய கடைசிப் பக்கங்களை அவர் அடுப்பில் போட்டதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் சமையலறையில் உட்கார்ந்து அதைக் கேட்டு அந்த மூன்றாவது அத்தியாயத்தை எழுதியவள் வஹீபா.

எழுந்து நின்றேன். தேர்வுக்குழுத் தலைவி கையைக் காட்டினார். "ஹாஜ்ஜா, பார்வையாளர் பேசக்கூடாது."

"நான் பாக்க வந்தவ இல்லம்மா, அந்த அத்தியாயத்துக்குள்ள இருக்கிறவ. ஐயா கட்டுரையில யமீனான்னு ஒருத்தி வர்றாளா?"

"வர்றாங்க" என்றார் ஒரான்காரர். "பதினோரு வெள்ளிக்கிழமை அவங்க வீட்டுக்கே போய்ப் பேசினதா எழுதியிருக்கார்."

"அந்த யமீனா நான்தான். தாவ்தி ஐயா, என் வீடு மாடியா, கீழயா?"

அவர் மேஜையைப் பார்த்தார். "நினைவில்லை."

"பதினோரு தடவை வந்துமா?"

யாரோ சிரித்தார்கள். குழு உள்ளே போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்து, வஹீபாவுக்குப் பட்டம் என்று அறிவித்தது. கட்டுரையைப் பற்றி விசாரிப்பார்களாம். இரண்டு வருஷமாக விசாரிக்கிறார்கள். அது இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அன்று பலகார மேஜைக்கும் தாவ்தி முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார், வழிகாட்டிக்குத்தான் முதல் துண்டு என்று. நான் தட்டை மூடினேன்.

"இதை நான் சுட்டேன் ஐயா. நீங்க சுட்டதா நாளைக்கு எழுதிடுவீங்க."