ஒரு ரோச் மீனும் இரண்டு முள்ளும்

எஸ்ராவோடு நான் மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன். லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய்க் கரையில், ஞாயிறு தவறாமல், அவன் பக்கத்திலேயே தூண்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தேன். வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால் நான் பேசாமல் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

காரணம் சின்னதல்ல. ஓர் அக்டோபர் காலையில் இரண்டு பவுண்டு ரோச் ஒன்றைப் பிடித்தேன். எங்கள் கால்வாயில் ரோச் என்றால் உள்ளங்கை அளவுதான். வெள்ளி உடம்பு, சிவப்புத் துடுப்பு, ராத்திரி சரியாகத் தூங்காதவனுடையதைப் போன்ற கண். என்னுடைய மீனைத் தட்டில் வைத்தால் தலையும் வாலும் மேஜையில் கிடக்கும். நெசவாலை ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். எஸ்ரா அதைப் புரட்டிப் பார்த்தான். அடித்துடுப்பை விரலால் தடவினான்.

"செப், இது முழு ரோச் இல்லடா. அம்மா வழியில எங்கயோ பிரீம் கலந்திருக்கு."

பிரீம் என்பது சேற்றில் கிடக்கும் வழவழத்த தட்டை மீன். எங்கள் ஊரில் ஒருவனுடைய குடும்பத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சிரித்துக்கொண்டே கேட்பான். அவன் பிடித்த மீனின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது. அன்றைக்கே முடிவு செய்தேன். எஸ்ரா வந்து மன்னிப்புக் கேட்கும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

ஒரு சொல்லும் வரவில்லை. குடுவையிலிருந்து அவன் தேநீர் ஊற்றி நீட்டுவான். வாங்கிக் குடிப்பேன், ஆனால் நன்றியில்லாமல். அவன் மனைவி ஹெட்டி கட்டிக் கொடுத்த இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தில் பாதியை வெட்டித் தருவான். அதையும் அதே கடுமையோடு தின்பேன்.

குளிர்காலத்தில் பேசாமலிருக்கும் வேலை இன்னும் சுலபம். குளிரில் புழு விறைத்துவிடும். விறைத்த புழுவை ரோச் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் நாலைந்து புழுக்களை நாக்கின் அடியில் அடக்கிக்கொள்வோம். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்தக் கரையில் பாதிரியார்கூட வாய் திறந்ததில்லை.

உண்மையைச் சொன்னால், அவன் குரல் இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நீளமாக இருந்தது. நல்ல குரல் அது. எஸ்ரா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, இன்றும் அந்தக் கரையில் நடந்தால் காதை அவன் உட்காரும் பக்கமாகத்தான் சாய்க்கிறேன். ஆனால் அவன்தான் முதலில் பேச வேண்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

நாலாவது பிப்ரவரியில் எங்கள் தூண்டில் சங்கத்தின் கெட்டில் போட்டி வந்தது. பரிசு ஒரு செம்புக் கெட்டில். கால்வாய் முழுக்க உறைந்திருந்தது. ஆலையின் வெந்நீர்க் குழாய் விழும் இடத்தில் மட்டும் தண்ணீர் திறந்திருந்தது. ஊரிலுள்ள ரோச் அத்தனையும் அங்கேதான் குளிர் காய்ந்துகொண்டிருந்தன. வெளியே எடுத்தால் மீன்மேல் ஆவி பறக்கும், உப்பு மட்டும்தான் குறைச்சல். ஆனால் எங்கள் பக்கத்தில் ரோச்சை யாரும் தின்பதில்லை. வலைப்பையில் போட்டு வைத்து, எடை பார்த்து, திரும்ப விட்டுவிடுவோம். இந்த வருஷம் எடை எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவே சில மீன்கள் வந்து கடிக்கும்.

செயலாளர் ஆர்மரோடின் தொப்பியில் சீட்டுக் குலுக்கினோம். குழாய்க்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் எஸ்ராவுக்கு. அவனுக்கும் அப்பால் எரிவாயு ஆலைக்காரன் லோமாக்ஸ். மத்தியானம்வரை லோமாக்ஸ்தான் எடையில் ஒரு கைப்பிடி முன்னால் இருந்தான்.

போட்டி முடியும் நேரத்தில் என் தக்கை மெல்ல அமிழ்ந்தது. எஸ்ராவின் தக்கையும் அமிழ்ந்தது. இருவரும் ஒரே சமயத்தில் சுண்டினோம். பெரிய ரோச் ஒன்று, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி, இரண்டு தூண்டிலுக்கும் நடுவே தொங்கியது. உதட்டின் வலப்பக்கம் என் முள், இடப்பக்கம் அவன் முள். யாருக்குச் சேர்கிறதோ அவனுக்குக் கெட்டில்.

மரச்செருப்பில் வழுக்கிக்கொண்டே ஆர்மரோட் வந்தார்.

"யார் மீன்யா இது?"

நான் எஸ்ராவைப் பார்த்தேன். எஸ்ரா மீனைப் பார்த்தான்.

"வாயத் தொறந்து ரெண்டு பேரும் ஒத்துக்கணும், அதான் சட்டம். நான் விசில் ஊதுறவரைக்கும்தான் நேரம். இல்லன்னா மீன் யாருக்கும் கிடையாது, கெட்டில் லோமாக்ஸுக்கு."

"அவசரமில்லப்பா, நிதானமா யோசிங்க," என்றான் லோமாக்ஸ். "அலமாரியில எடம் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

எஸ்ரா இன்னும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்மரோட் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். துப்ப நேரமில்லை, புழுக்களை விழுங்கினேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தன, குறை சொல்ல மாட்டேன்.

"எஸ்ரா, மூணு வருஷமா உன்கூட நான் பேசல. இப்பப் பேசறேன். மன்னிப்புக் கேக்கறதா இருந்தா இப்பவே கேட்டுக்கோ."

அவன் நாக்கின் அடியிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டான்.

"யாரு பேசல?"

"நான்தான்."

"யார்கூட?"

"உன்கூடத்தாண்டா."

எஸ்ரா புழு டப்பாவை மூடினான்.

"நீ மீன் பிடிக்கறேன்னு நெனச்சேன்."

"மூணு வருஷமாவா?"

"முந்தியெல்லாம் லொடலொடன்னு பேசி மீனக் கலைப்ப. ஹெட்டிகிட்டகூடச் சொன்னேன், செப்புக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குன்னு."

லோமாக்ஸ் சிரித்த சிரிப்பில் அடுத்த மதகுவரை பனி விரிசல் விட்டது. வேண்டுமானால் அவன் மகனைக் கேளுங்கள்.

"அப்ப நீ ஏண்டா பேசல?"

"வாயில புழு இருந்துச்சு."

"கோடையில?"

"கோடையில நீ அவ்வளவு கவனமா ஒக்காந்திருப்ப. கெடுக்க மனசு வரலடா."

பேச்சுச் சூட்டில் இருவரும் தூண்டிலைத் தாழ்த்திவிட்டோம். தூண்டில் நரம்பு தொய்ந்தது. மீன் தலையை ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் உதறி இரண்டு முள்ளையும் கழற்றிவிட்டு வெந்நீருக்குள் விழுந்தது. ஆர்மரோட் விசில் ஊதினார்.

"யாரோடதுன்னு ஒரு வார்த்த சொல்ல இவ்வளவு பேச்சாய்யா?" என்று கேட்டுவிட்டு, லோமாக்ஸின் வலைப்பையை எடை போடப் போனார்.

சாமான்களைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கரையோரம் படகு இழுக்கும் குதிரைகளுக்கான பாதையில் நடந்தோம். என்னைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எஸ்ரா சொல்ல ஆரம்பித்தான். அவன் புறாக்கள். அவனுக்கு வைத்த பொய்ப்பல். அவன் மகள் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான், இருந்தாலும் முதலிலிருந்து கேட்டேன். எங்கள் தெருவுக்கு ஏறும் பாலம் வந்தது. அதைத் தாண்டி நடந்தோம். அவன் அப்போதுதான் மாப்பிள்ளையின் அண்ணனைப் பற்றி ஆரம்பித்திருந்தான்.