புரோகிராமின் தனிக்குடித்தனம்

1997இல் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் கம்பெனி ஒன்றுக்கு ஷம்ஸியா எழுதிக்கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராம் ஒரே மூட்டையாக இருந்தது. மெட்ராஸ் பஸ்ஸின் நேரத்தை மாற்றினால் கோயம்புத்தூர் டிக்கெட் அச்சாகாமல் நின்றுவிடும்.

“ஒருத்தன் தும்முனா ஊரே படுத்துக்கிடுதே தாயி!” என்று முதலாளி பேச்சிமுத்து சிரித்தார்.

ஷம்ஸியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரம் பார்க்க, சீட் ஒதுக்க, டிக்கெட் அடிக்க என்று புரோகிராமை மூன்றாகப் பிரித்தாள். ஒன்று இன்னொன்றிடம் வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதன் வேலையில் தலையிடாது.

முதலாளியே மெட்ராஸ் நேரத்தை மாற்றிப் பார்த்தார். கோயம்புத்தூர் டிக்கெட் கறகறவென்று வந்து விழுந்தது.

“என்னம்மா செஞ்சே?”

“மூணையும் தனிக்குடித்தனம் வச்சிட்டேன் அண்ணாச்சி.”

அவர் பதறிப்போனார். “பைய சொல்லு தாயி, உள்ள மருமவ இருக்கா. காதுல விழுந்துரப் போவுது.”

“விழுந்துட்டு மாமா!” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.