ஹாட் பாக்ஸில் வந்த பட்டைகள்

அக்கா ஹாட் பாக்ஸை என் மேசைமேல் வைத்தபோது சாப்பாடு என்றுதான் நினைத்தேன். திறந்தால், துணியில் சுற்றிய பிளாஸ்டிக் பட்டைகள். விரல் அகலம், உள்ளே சணல் நார் பழுப்பாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தன.

"மாமா குடுத்து விட்டாரு. ரொம்ப நேரம் திறந்து வெச்சுக்க வேணாம், எடுத்ததும் இழுத்துப் பார்த்துடச் சொன்னாரு."

"ஏன், நமுத்துப் போயிடுமா?"

அக்கா சிரித்தாள். கேட்டது நான்தான், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் எனக்குப் பெயரே சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்தால்கூடப் பாலை முகர்ந்து பார்ப்பேன் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாமாவின் பட்டறையில் ஏணிகள் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கில் சணல் நாரைக் கலந்து படிகளை வார்க்கிறார்கள். அதே கலவையில் சோதனைக்காக வார்த்தவைதான் இந்தப் பட்டைகள். எடை குறைவு, பார்க்கவும் லட்சணம். கட்டட வேலைக்காரர்களுக்காக ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடம் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் அது கைக்கு வரும். வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். பட்டறைக்கு மேலே மாடியில்தான் அக்கா குடியிருக்கிறாள்.

செடியின் நாருக்கு ஒரு குணம் உண்டு. பிளாஸ்டிக்குக்குள் போன பிறகும் அது ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் உப்பும், உப்பினால் பிளாஸ்டிக்கோடு இருந்த பிடி தளரும். அதனால்தான் வருகிற பட்டைகளைச் சில நாள் அறைக் காற்றில் திறந்து போட்டுவிட்டு, பிறகே இயந்திரத்தில் கவ்வ வைத்து இழுப்போம். இது மாமாவுக்கும் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க, அடுப்பில் உலர்த்தி, காற்றுப் புகாமல் மூடி, பெண்டாட்டி கையில் கொடுத்தனுப்ப என்ன அவசரம்?

அக்கா போனதும் ஒரு பட்டையை அப்படியே இழுத்தேன். அருமையாகத் தாங்கியது. மற்றொன்றைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் அதை இழுத்தபோது பாதி பாரத்துக்கே விட்டுக்கொடுத்தது. உடைந்த முனையில் நார்கள் அறாமல், உருவிக்கொண்டு முடிபோல நீட்டிக்கொண்டிருந்தன.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. தண்ணீரில் ஊறப்போட்டால் யாருடைய பட்டைதான் தொய்யாது? அந்த வெதுவெதுப்பு அச்சிலிருந்து எடுத்த சூடாகக்கூட இருக்கலாம். நல்ல மனுஷர், அக்காவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவர். அவர்மேல் போய்ச் சந்தேகப்படுகிறாயே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா என்று என்னையே திட்டிக்கொண்டேன். தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? அது தெரியாமல் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது.

வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். வெளியே மழை. மாமா இல்லை. மாடி வராந்தாவில் புது ஏணிகள் சுவரோரம் சாய்ந்து, சாரலில் நனைந்துகொண்டிருந்தன. அக்கா உள்ளே பரணிலிருந்து போர்வைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் நின்றது துருப்பிடித்த பழைய இரும்பு ஏணியில். ஒவ்வொரு படிக்கும் அது கிறீச்சிட்டது.

"ஏன்க்கா, வீடு நெறய புது ஏணி இருக்கு. இந்தக் கிழட்டு ஏணியைப் போட்டு உயிரை வாங்குற?"

"நான் என்ன பண்ண? வெயில் நாள்ல அதுலதான் ஏறிட்டிருந்தேன். மழை பிடிச்சதும் அவரு தொடவே கூடாதுன்னுட்டாரு. அவரும் இதுலதான் ஏறுறாரு." குரலில் பெருமை இருந்தது. "என்மேல அவ்வளவு அக்கறை அவருக்கு."

என் முகம் எதையோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"பட்டையெல்லாம் நல்லாத்தானே வந்துச்சு?" என்றாள் மேலிருந்து.

"காஞ்சிருந்தது நல்லா வந்துச்சுக்கா."

போர்வையை நீட்டிய கை பாதியில் நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவைப் பார்த்தாள். அங்கே படிப்படியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கை மெதுவாக இறங்கி, இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது.