காலர் பொத்தானைப் பற்றிய விலகல் அறிக்கை

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நான் தலையை நீட்டும்போது, இந்த ஆள் எங்கிருந்து முளைத்தார் என்று நீங்கள் தேட வேண்டியிருக்காது.

நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சலவைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாடியில் வேலை செய்யும் பராமரிப்பாளர்கள் தொழில் சான்றிதழ் பெற ஒரு தேர்வு எழுத வேண்டும். எழுத வேண்டும் என்றது பிழை. செய்து காட்ட வேண்டும். தேர்வுக்கு மூன்று பகுதிகள். முதலில் திட்டம்: நாளைக் காலை யாருக்கு, எதை, எதற்காகச் செய்யப்போகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. அடுத்து, இரண்டு தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அதைச் செய்வது. கடைசியாக, செய்ததைத் தானே மதிப்பிட்டு எழுதுவது. அந்த மதிப்பீட்டின் கடைசிக் கேள்வி இது: "மறுபடி செய்ய நேர்ந்தால் எதை வேறு விதமாகச் செய்வாய்?"

கேள்விக்கு முன்னால் குன்வோர் உட்கார்ந்திருக்கிறாள். வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு விடை தெரியும். எதை எழுதினால் தேறலாம் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை பெய்துகொண்டிருந்தது." இந்த ஊரில் இதை எழுதுவது தாளுக்குக் கேடு. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "சேவையையே தன் மூச்சாகக் கொண்ட குன்வோர் அன்று காலை—"

நிறுத்திவிட்டேன். இதைக் குன்வோர் படித்தால், "சேவையா? நான் சம்பளத்துக்கு வர்றவ. அதுவும் கூப்பிட்டாத்தான்," என்பாள். உள்ளபடியே அப்படித்தான். பதினாறு ஆண்டுகளாக அவள் அங்கே வேலை செய்கிறாள். ஆனால் உடன் வேலை செய்பவர் யாருக்காவது காய்ச்சல் வந்தால், யாருடைய குழந்தைக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், அன்று காலை ஆறு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அவள் போவாள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அப்படித்தான். இப்போது முழு நேர நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. இம்மாத முடிவு வரை அதை அவளுக்காக வைத்திருப்பதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். தேறினால் அது அவளுடையது. தேறாவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து விண்ணப்பித்திருக்கும் சான்றிதழ்க்காரர் ஒருவருடையது.

மூன்றாம் முயற்சி: "குன்வோர் சென்ற ஆண்டு பொத்தான்களால் தோற்றாள்."

இது இருக்கட்டும்.

3

இங்கே பராமரிப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. முதியவர் தானே சட்டை போடட்டும், தானே ரொட்டியில் வெண்ணெய் தடவட்டும். நீ அருகில் நில், விழாமல் பார்த்துக்கொள், வாயால் சொல்லு. கை மட்டும் பின்னால். இன்று நீ போட்டுவிடும் பொத்தானை அடுத்த மாதம் அவரால் போடவே முடியாமல் போகும் என்பது கணக்கு. பள்ளியில் வாத்தியார் முன்னால் கையை மார்புக்குக் குறுக்கே கட்டியே பழகிய எனக்கு, இந்தக் கைகட்டல் பிடிபடச் சில காலம் ஆனது.

குன்வோருக்கும் பாடம் தெரியும், கைகளுக்குத்தான் தெரியவில்லை. சென்ற ஆண்டுத் தேர்வில் ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டே அவருடைய கம்பளிச் சட்டையின் ஒன்பது பொத்தான்களையும் போட்டுவிட்டாள். பிறகு தேர்வாளர், அந்தம்மா எத்தனை பொத்தான் தானாகப் போட்டார் என்று கேட்டபோது, "எல்லாத்தையும்," என்றாள். பொய் சொல்லவில்லை. தன் கை செய்ததை அவள் பார்க்கவே இல்லை. ஒரு காலைக்கு எட்டுப் பேர் வீதம் பதினாறு ஆண்டுகள் ஓடிய கை அது.

[விலகல் 1. இங்கே வேலையில் ஏதாவது பிசகினால் விலகல் அறிக்கை எழுத வேண்டும். தண்டிப்பதற்காக இல்லை, என்ன நடந்தது, ஏன், இனி எப்படித் தவிர்ப்பது என்று பதிவு செய்ய. இந்தக் கதைக்கு நானும் எழுதுகிறேன். நடந்தது: இந்த ஊரில் எண்பது வயதுக்காரரையும் 'நீ' என்றுதான் அழைப்பார்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை. என் கை அதை நான்கு இடங்களில் 'நீங்க' என்று மாற்றிவிட்டது. திருத்திவிட்டேன். தவிர்க்கும் வழி: எழுதும்போது அவர்கள் குரலைக் காதில் வைத்துக்கொள்வது.]

4

தேர்வு நாள், புதன்கிழமை. எய்லெர்ட்டின் அறை. எண்பத்து நான்கு வயது, படகுத்துறை எந்திரப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கை பாதியாகிவிட்டது. குன்வோரின் திட்டத்தில் இலக்கு ஒரே வரி: "எய்லெர்ட் தன் சட்டையின் ஏழு பொத்தான்களையும் தானே போடுவார்."

சுவரோரம் இரண்டு நாற்காலிகளில் தேர்வாளர்கள். ஒருவர் போர்கில்ட், சென்ற ஆண்டு கேள்வி கேட்ட அதே அம்மாள். மற்றவர் ஷெத்தில். இவர் பெயரை இங்கே வேகமாகச் சொன்னால் என் காதில் 'செந்தில்' என்றே விழும். அதனால் முதல் வரைவில் ஆள் கொஞ்சம் நம்மூர்க்காரராகிவிட்டார், வெற்றிலை கூடப் போட்டார். எடுத்துவிட்டேன்.

"இவங்க யாரு? என்னை விலைக்குப் பார்க்க வந்திருக்காங்களா?" என்றார் எய்லெர்ட்.

"இல்ல, என்னைப் பார்க்க வந்திருக்காங்க."

"உன்கிட்ட பார்க்க என்ன இருக்கு? சும்மாதானே நிக்கிற."

"அதைத்தான் பார்க்க வந்திருக்காங்க," என்றாள் குன்வோர்.

ஷெத்தில் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். போர்கில்ட் ஏதோ குறித்துக்கொண்டார்.

எட்டரைக்குத் தொடங்கினார்கள். கீழிருந்து மேலாக. முதல் நான்கு பொத்தான்களுக்குப் பதினான்கு நிமிடம். ஐந்தாவது ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வந்தது, மறுபடி நுழைந்தது. உன் கையை என்ன வாடகைக்கு விட்டிருக்கிறாயா என்று எய்லெர்ட் கேட்டார். வாடகைக்கு இல்லை, அடகில் இருக்கிறது என்றாள் குன்வோர். முதுகுக்குப் பின்னால் அவளுடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விட்டால் ஓடிவிடும் என்பதுபோல் பிடித்திருந்தது.

ஆறாவது முடிந்தபோது எட்டு ஐம்பத்து மூன்று. காலர் பொத்தான் மட்டும் பாக்கி. கட்டைவிரல் அதன் மேல் வழுக்கி வழுக்கி இறங்கியது.

எய்லெர்ட்டின் மனைவி அஸ்லவ் அடுத்த பகுதியில் இருக்கிறாள். நினைவு தப்பியவள். தினமும் ஒன்பது மணிக்கு அவர் அங்கே போய் அவளோடு காலை உணவு சாப்பிடுவார். காலர் மூடியிருந்தால் அவளுக்கு அவர் எய்லெர்ட். திறந்திருந்தால் மின்சாரம் பழுதுபார்க்க வந்தவர். சமையலறை விளக்கு எரியவில்லை என்று கையைப் பிடித்து இழுத்துப்போவாள். அந்த விளக்கு எதுவென்று யாருக்கும் தெரியாது. மாடியில் எல்லோரும் அறிந்த சங்கதி இது. நாற்காலிகளில் இருந்த இருவருக்கும் தெரியாது. திட்டத்திலும் இல்லை.

"குன்வோர், இதை நீ போடு."

"ஆறு போட்டுட்ட. இதுவும் முடியும்."

"முடியும். நாளைக்கு முடியும். இப்ப மணி என்ன?"

"எட்டு ஐம்பத்தாறு."

"ஒன்பதுக்கு அவ வந்து உட்காருவா. அஞ்சு நிமிஷம் பார்ப்பா, எழுந்துடுவா. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வராந்தாவுல நடந்துக்கிட்டே இருப்பா. பரீட்சை உனக்கு. எனக்கு ரொட்டி ஆறுது."

குன்வோர் தன் கைகளைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அவள் அவற்றை முன்னால் கொண்டுவந்து, ஒரு கணம் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் இப்ப காலர் பட்டனைப் போடப்போறேன்."

போட்டாள். இரண்டு விநாடி வேலை. எட்டு ஐம்பத்தெட்டுக்கு எய்லெர்ட் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் கதவைத் தாண்டியது.

5

[விலகல் 2. நடந்தது: போர்கில்டை நான் இரண்டு வரைவுகளில் கொடியவராக எழுதிவிட்டேன். மெல்லிய உதடு, கூர்மையான பென்சில், எல்லாம். காரணம்: கதைக்கு ஒருவர் எதிரில் நிற்க வேண்டியிருந்தது. உண்மையில் போர்கில்ட் முப்பது ஆண்டுகள் இதே வேலை செய்தவர். நடக்க முடிந்த ஒரு முதியவரை, அன்பான பராமரிப்பாளர்கள் அவசர அவசரமாகச் சக்கர நாற்காலியில் தள்ளித் தள்ளியே, ஒரே குளிர்காலத்தில் நடக்க முடியாதவராக்கியதைப் பார்த்தவர். அதற்குப் பிறகுதான் தேர்வாளராக விண்ணப்பித்தார். உதடுகளைத் திருத்திவிட்டேன்.]

[விலகல் 3. இது பெரிய விலகல். ஒன்பது மணி சங்கதி குன்வோருக்குத் தெரியும். பின் ஏன் எட்டரைக்குத் தொடங்கினாள்? எட்டு பத்துக்குத் தொடங்கியிருக்கலாமே? அவளுடைய படிவத்தில் தொடங்கிய நேரம் இல்லை. எட்டரை நான் வைத்தது. எட்டு பத்து என்று எழுதிய வரைவில் எய்லெர்ட் ஏழாவது பொத்தானையும் தானே போட்டார், எல்லோரும் காப்பி குடித்தார்கள், கதை இல்லை. ஆக அவளை நெருக்கடியில் நிறுத்தியது நான். அல்லது, நான் வைக்காமலே அவள் உண்மையிலேயே எட்டரைக்குத் தொடங்கியிருக்கலாம். பதினாறு ஆண்டு ஓட்டத்தில் எல்லாவற்றையும் அரை மணிக்குள் முடித்துப் பழகியவள். அப்படியென்றால் பிழை அவளுடையது. தவிர்க்கும் வழி: தெரியவில்லை.]

6

இனி படிவம். உணவறையில் தனியாக உட்கார்ந்து, அரை மணிக்குள் எழுதித் தர வேண்டும்.

நான் அவளுக்கு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன்: "காலர் பொத்தானை நான் போட்டது பிழை. மறுபடி என்றால் காத்திருப்பேன்." இதை எழுதினால் தேறிவிடுவாள். தன் பிழையைத் தானே பார்க்கிறவரைத் தேர்வாளர்களுக்குப் பிடிக்கும். போர்கில்டுக்கு மிகவும் பிடிக்கும். நல்ல பதில், எழுத்துப்பிழை கூட இல்லை. அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

வேறொரு முடிவும் வைத்திருந்தேன். உணவறைக் கதவு திறக்கிறது. அஸ்லவ் எய்லெர்ட்டின் கையைப் பிடித்து நிற்கிறாள். தேர்வாளர்களைப் பார்த்து, "இவர் என் புருஷன்," என்கிறாள். எழுதிப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது, அவ்வளவுதான். அஸ்லவுக்கு அந்த நேரத்தில் முட்டை உரிக்கும் வேலை இருந்திருக்கும். கிழித்துவிட்டேன்.

குன்வோர் எழுதியது இது. படிவத்தில் உள்ளபடியே தருகிறேன்:

"ஒன்பது மணி என் திட்டத்தில் இல்லை. அது என் பிழை. மறுபடி செய்தால் இருபது நிமிடம் முன்னதாகத் தொடங்குவேன். ஆனால் மறுபடியும் எட்டு ஐம்பத்தாறு ஆகி, மறுபடியும் அவர் கேட்டால், பொத்தானைப் போடுவேன். சென்ற ஆண்டு என் கை எனக்குத் தெரியாமல் போட்டது. இந்த ஆண்டு நான் போட்டேன்."

7

அதற்குப் பிறகு நேர்காணல். போர்கில்ட் திட்டத்தை மேசையில் விரித்து வைத்தார்.

"ஏழு பட்டனும் அவரே போடுவார்னு நீயே எழுதியிருக்க. இலக்கு நிறைவேறலையே."

"நிறைவேறல."

"அப்போ?"

"அது என்னோட இலக்கு. அவரோடது ஒன்பது மணி. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுத் திட்டம் போட்டுட்டேன்."

"அதை எப்போ கண்டுபிடிச்ச?"

"எட்டு ஐம்பத்தாறுக்கு," என்றாள் குன்வோர்.

அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே நடந்ததைச் சுருக்கித் தருகிறேன். நான் அங்கே இல்லை, என்றாலும் இருவரையும் இப்போது ஓரளவு தெரியும். போர்கில்டின் வாதம்: நல்ல பதில்தான், ஆனால் தேர்வின் நடுவில் கற்றுக்கொண்ட பதில். முன்கூட்டியே யோசிப்பவருக்குத்தான் சான்றிதழ். யோசிக்காததற்கு நாளைக்கு ஒரு முதியவர் விலை கொடுப்பார். ஷெத்திலின் வாதம்: எல்லாத் திட்டமும் எட்டு ஐம்பத்தாறுக்கு உடையும், உடையும்போது யாரைப் பார்க்கிறாள் என்பதுதான் வேலை. அவள் எய்லெர்ட்டைப் பார்த்தாள். கையையும் பார்த்தாள்.

முக்கால் மணி நேரம் பேசினார்கள். இருவரும் நகரவில்லை. இருவரும் சொன்னது சரியாக இருந்ததுதான் தொல்லை.

இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் ஒருவரை அழைப்பார்கள். அவர் அறைக்கு வரமாட்டார். எய்லெர்ட்டைச் சந்திக்கமாட்டார். அவரிடம் தாள்கள் மட்டும் போகும்: திட்டம், நடந்ததைப் பற்றிய குறிப்பு, குன்வோரின் மதிப்பீடு, இரண்டு தேர்வாளர்களின் வாதம். அவர் முடிவே முடிவு.

என்னிடம் இருந்த தாள்கள் எல்லாம் இப்போது உங்களிடம் இருக்கின்றன. விலகல் அறிக்கைகளையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். எட்டரை என்பது யாருடைய பிழை என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். பணியிடம் வெள்ளிக்கிழமை வரை, அதாவது மாதக் கடைசி வரை, காத்திருக்கும். இன்று வியாழன்.

மூன்றாமவராக எந்த மாதிரி ஆளை அனுப்பினால் அவளுக்கு நல்லது என்று, துவைத்த சட்டைகளை வாங்க வந்தபோது குன்வோரையே கேட்டேன்.

"நிதானமா படிக்கிற ஆளா இருந்தா போதும்," என்றாள். "இரக்கப்படுற ஆளை மட்டும் அனுப்பிடாதே."

படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். தேறினார். தேறவில்லை. ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும்; பக்கத்தில் காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.