தார் வாசனை

நாலாம் நாளாகியும் லாக்லனின் காலில் சீழ் வரவில்லை. நர்ஸ் கிரிசலுக்கு அதுதான் கவலை.

அது 1866. கிளாஸ்கோவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டை அவள் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் காலை இழந்தார்கள். மீதியில் பலர் உயிரையே இழந்தார்கள். பிழைப்பவனுக்கு நாலாம் நாள் பாலாடைபோலக் கெட்டியாகச் சீழ் கட்டும். "நல்ல சீழ்" என்று பெரிய டாக்டர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வராவிட்டால் விஷம் உள்ளே இறங்குகிறது. அதை வெளியே இழுக்கச் சூடாக ஆளிவிதைப் பத்து போட வேண்டும். பத்து கிண்டுவதில் கிரிசலை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது.

அப்படிக் கால் எலும்பு உடைந்து வந்த கல்தச்சன் லாக்லனுக்கு மட்டும் பத்து கூடாதாம். சின்ன டாக்டர் ஆர்பக்கிள், புண் அழுகாமலிருக்க, கார்பாலிக் என்ற புதுத் திரவத்தில் தோய்த்த துணியைப் புண்ணில் வைத்து, மேலே தகரத் தகடு வைத்துக் கட்டியிருந்தார்.

"மேல்துணியை மட்டும் தினம் நனைங்க. அடித்துணியைத் தொட்டா கால் நமக்கில்ல" என்று சொல்லியிருந்தார்.

மதியம் டாக்டர்கள் போனதும் கிரிசல் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு கட்டிலருகே வந்தாள்.

"என்னக்கா, கஞ்சியா?" என்றான் லாக்லன்.

"வாயை மூடு. உன் காலுக்கு."

"காலுக்குப் பசிக்கலையே. வலியும் இல்ல. எனக்குத்தான் பசி."

"வலி இல்லாததுதாண்டா பயமா இருக்கு."

அவன் சிரிப்பு நின்றது. "டாக்டர் தொடக் கூடாதுன்னாரே?"

"அவருக்கு மீசை முளைச்சே மூணு வருஷம்தான் ஆச்சு. சும்மா படு."

மேல்துணியை அவிழ்த்தாள். தகட்டை எடுத்தாள். அடித்துணியின் ஓரத்துக்கு நகத்தைக் கொண்டுபோனபோது, நாலு நாளாக மருந்து நெடி என்று விட்டுவிட்ட வாசனை கிட்டத்தில் மூக்கில் ஏறியது. அழுகல் இல்லை. தார்.

அவள் கை அப்படியே நின்றது.

அவள் புருஷன் ஆர்ச்சி, கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் பலகை இடுக்குகளில் நார் திணித்துத் தார் பூசுகிறவன். அவன் சாப்பிட்ட ரொட்டியில்கூட அந்த வாசனை இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து, எலும்பு வெளியே தெரிய அவனைத் தூக்கிவந்தார்கள். தன்னோடு வேலை செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று வெட்கப்பட்டு, சோப்பும் மணலும் போட்டுத் தேய்த்து, வாசனை போகிறவரை கழுவித்தான் கிரிசல் அவனை வார்டில் படுக்க வைத்தாள். நாலாம் நாள் நல்ல சீழ் வந்தது. அவளே பத்து போட்டாள். பத்தாம் நாள் அவனை எடுத்துப் போனார்கள். கடைசியில் அவன் போர்வையில் மிஞ்சியது அழுகல் வாடைதான். தார் வாசனையைத் தேடி எத்தனையோ முறை பட்டறை வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

"அக்கா? என்னாச்சு, கால் போச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் அழறீங்க?"

அவள் தகட்டை இருந்த இடத்தில் வைத்தாள். பத்தை வாளியில் கொட்டினாள். வாசலில் ஆர்பக்கிள் நின்றிருந்தார். வாளியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"அடித்துணியைத் தொட்டீங்களா?"

"தொடப் போனேன் ஐயா. தொடல." பிறகு கேட்டாள்: "இதை எதுலேர்ந்து எடுக்கறாங்க?"

"கரித்தார்லேர்ந்து."

"அப்போ, உடம்பெல்லாம் தாரோட ஒருத்தன் வந்து, அதைக் கழுவாம விட்டிருந்தா?"

ஆர்பக்கிளுக்கு அவள் புருஷனைத் தெரியாது. ஆனாலும் யோசித்துத்தான் சொன்னார். "பட்டறைத் தார் வேற, இது வேறம்மா. அது காப்பாத்தியிருக்காது."

கிரிசல் தலையாட்டினாள். நம்பினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. திரவப் புட்டியைத் திறந்து, மேல்துணியை வேண்டியதற்கும் அதிக நேரம் நனைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது வாரம் லாக்லன் தடி ஊன்றி, இரண்டு காலில் எழுந்து நின்றான்.

"ஒரு வாளி வெந்நீர் குடுங்கக்கா. இந்த நாத்தத்தோட போனா என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

"விடுவா" என்றாள் கிரிசல். "கழுவாம போ."